கையைக் கடிக்காமல் சுவிட்சர்லாந்து: முதல்முறை போகிறவர்களுக்கு

சூரிக் ரயில் நிலையத்தில் இறங்கியதும் தாகத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். நாலரை ஃபிராங்க். ஒரு ஃபிராங்க் நம் பணத்துக்கு நூறு ரூபாய்க்கும் மேல் என்பதால் மனசு அங்கேயே பெருக்கிப் பார்த்துவிட்டது. குடித்துக்கொண்டே வெளியே வந்தால், கல் தொட்டி ஒன்றில் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு பாட்டி பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து, நிரப்பிக்கொண்டு போகிறார். சூரிக் நகரில் மட்டும் இப்படி 1,200க்கும் மேற்பட்ட குழாய்த் தொட்டிகள் இருக்கின்றன, அநேகமாக எல்லாமே குடிக்கிற தண்ணீர்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த முதல் பயணத்தில் எட்டு நாளும் இந்தப் பெருக்கல் என்னை விடவில்லை. ஒரு காபிக்கு ஐந்து ஃபிராங்கா என்று குடிக்காமலே திரும்பினேன். அப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே காலையில், மேகம் மூடிய ஒரு மலைக்கு முழுக்கட்டணம் கட்டி ஏறித் தொலைத்தேன். மேலே போய் நான் பார்த்தது வெள்ளைச் சுவர். நாலு வருஷம் கழித்து மனைவியோடும் பன்னிரண்டு வயது மகனோடும் மறுபடி போனோம். இந்தத் தடவை தினமும் காபி குடித்தோம், ஆனாலும் தலைக்கு ஆன செலவு முதல் தடவையைவிடக் குறைவு. எங்கே தங்குவது, எந்த ரயில் அட்டை வாங்குவது, எந்த மலைக்கு ஏறுவது என்ற மூன்றையும் ஊரிலேயே உட்கார்ந்து முடிவு செய்திருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். சுவிட்சர்லாந்தில் பணம் கரைவது இந்த மூன்றில்தான். சாப்பாடு நாலாவது. மீதியெல்லாம் சில்லறை.

அதனால் எதை எப்போது முடிவு செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன். இங்கே வருகிற கட்டணங்களை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். அவை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் ஏறும், வாங்கும் நேரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதமும் விசாவும்

ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் உச்சம். பனிச்சறுக்கு ஊர்களில் கிறிஸ்துமஸ் தொடங்கி பிப்ரவரி வரை இன்னொரு உச்சம். நமக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. ஏப்ரலில் போகாதீர்கள். பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருப்பார்கள், உயரத்தில் நடைபாதைகள் பனியில் கிடக்கும். மே மாதத்தின் பின்பாதி நல்லது. பனி உருகி அருவிகள் எல்லாம் நிறைந்து விழும், அறை வாடகையும் கோடை உச்சத்தைத் தொட்டிருக்காது. பள்ளிக்குப் போகிற பிள்ளை இல்லாதவர்களுக்கு செப்டம்பர்தான் என் சிபாரிசு. நவம்பரில் அறை மலிவு என்று ஆசை காட்டுவார்கள். கீழே மூடுபனி, மேலே போக வண்டி இல்லை. அது மலிவு இல்லை.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, யூரோவும் அதன் பணம் இல்லை. ஆனால் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் ஓடினால் நேர ஒதுக்கீடே கிடைக்காது.

விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்யுங்கள், ரயில் டிக்கெட் எதுவும் வாங்காதீர்கள். அங்கே மலிவு விலை டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது.

தங்குமிடம்

நம்மவர்கள் செய்கிற பெரிய தப்பு, தினம் ஓர் ஊர் என்று அறை மாற்றுவது. நாடு சின்னது. சூரிக்கிலிருந்து பெர்னுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, பெர்னிலிருந்து பனிமலைகளின் வாசலான இன்டர்லாக்கனுக்கும் அப்படித்தான். ஒரு வாரத்துக்கு இரண்டே இடம் போதும். ஒன்று லூசெர்ன் அல்லது சூரிக் பக்கம், இன்னொன்று இன்டர்லாக்கன் பக்கம். இன்டர்லாக்கனுக்குள்ளேயே கிடைக்காவிட்டால் இருபது முப்பது நிமிஷ ரயில் தூரத்தில் இருக்கும் ஸ்பீஸ், டூன் ஊர்களைப் பாருங்கள். ரயில் பாஸ் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு யோசனை ஓல்டன். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நம் ஊர் அரக்கோணம், ஜோலார்பேட்டை மாதிரி அது ஒரு ஜங்ஷன். சூரிக், பெர்ன், பாசல் மூன்றுக்கும் அரை மணி நேரம், லூசெர்னுக்குக் கொஞ்சம் கூட. ஊர் சுமாராக இருப்பதால் வாடகையும் சுமார்.

யூத் ஹாஸ்டல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வயது வரம்பெல்லாம் கிடையாது. குடும்ப அறை உண்டு, படுக்கை விரிப்பும் காலைச் சாப்பாடும் வாடகையிலேயே அடக்கம். சுத்தத்தில் நம் ஊர் மூன்று நட்சத்திர ஓட்டலுக்குக் குறையாது. நாலு பேர் சேர்ந்து போனால் சமையலறை உள்ள அடுக்ககம் கட்டுப்படியாகும். கடைசியில் துப்புரவுக் கட்டணம் என்று 80, 100 ஃபிராங்க் சேர்ப்பார்கள், மொத்தத் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அதோடு தலைக்கு, இரவுக்குச் சில ஃபிராங்க் சுற்றுலா வரியும் பல ஊர்களில் தனி.

அந்த வரி கொடுப்பதற்கு ஒரு பலன் இருக்கிறது, பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பாசல், பெர்ன், ஜெனீவா நகரங்களில் ஓர் இரவு தங்கினாலே நகரப் பஸ், டிராம் எல்லாம் இலவசமாகப் போக ஓர் அட்டை தருவார்கள். இன்டர்லாக்கனிலும் உள்ளூர் பஸ்ஸுக்கு விருந்தினர் அட்டை உண்டு. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது தெற்கே இத்தாலி மொழி பேசும் டிச்சினோ மாநிலம். ஓட்டலோ ஹாஸ்டலோ கூடாரமோ, தங்கியிருக்கும் நாளெல்லாம் மாநிலம் முழுக்க ரயில், பஸ் இலவசம். சூரிக்கில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே ஒற்றை டிக்கெட் இரண்டு வாங்குகிற விலையில் 24 மணி நேர டிக்கெட் கிடைக்கும், எப்போதும் அதையே வாங்குங்கள்.

எல்லைக்கு வெளியே தங்குவதும் ஒரு வழி. பாசலின் 8ஆம் எண் டிராம் நேராக ஜெர்மனியின் வைல் அம் ரைனுக்குப் போகிறது. வடகிழக்கே கான்ஸ்டன்ஸ் நகரம் ஜெர்மனியில் இருக்கிறது, சாலையைத் தாண்டினால் சுவிட்சர்லாந்து. அறையும் சாப்பாடும் கண்ணில் தெரிகிற அளவுக்கு மலிவு. சுவிஸ்காரர்களே சனிக்கிழமை பை எடுத்துக்கொண்டு அங்கேதான் மளிகை வாங்கப் போகிறார்கள். இரண்டும் ஷெங்கன் நாடுகள் என்பதால் விசாத் தொல்லை இல்லை, பாஸ்போர்ட்டை மட்டும் கையில் வைத்திருங்கள். ஆனால் மலை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் போய்விடும். பாசல், சூரிக் பக்கம் இரண்டு நாள் சுற்றுவதற்கு மட்டும் இது சரிப்படும்.

ரயில் அட்டை: கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம்

சுற்றுலாப் பயணிகளுக்கு முக்கியமாக இரண்டு அட்டைகள். சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் தொடர்ந்து 3, 4, 6, 8 அல்லது 15 நாளுக்கு ரயில், பஸ், ஏரிக் கப்பல், நகர டிராம் எல்லாம் அடக்கம், 500க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களும் இலவசம். மற்றது அரைக்கட்டண அட்டை. ஒரு மாதம் செல்லும். எந்த டிக்கெட்டும், மலை ரயில் உள்பட அநேகமாக எல்லாமே, பாதி விலை.

ஏஜென்ட்டிடம் கேட்டால் பாஸைத்தான் சொல்வார். ஒரே அட்டை, வேறு தலைவலி இல்லை, அவருக்கும் விளக்கிச் சொல்கிற வேலை மிச்சம். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு நாள், ஒரு ஆள். சூரிக் விமான நிலையத்திலிருந்து லூசெர்ன், அங்கிருந்து ஒருநாள் ரீகி மலை, பிறகு இன்டர்லாக்கன், அங்கிருந்து யுங்ஃபிராவ்யோக் பனிமலை, அப்புறம் பெர்ன், திரும்ப சூரிக் விமான நிலையம். நம்மவர்கள் பெரும்பாலும் போகிற சுற்று இதுதான்.

ஊர் விட்டு ஊர் போகிற நாலு ரயில் டிக்கெட்டும் முழு விலையில் சேர்த்துச் சுமார் 150 ஃபிராங்க். ரீகி சுமார் 80. யுங்ஃபிராவ்யோக் போய்வர சுமார் 240. ஆக எந்த அட்டையும் இல்லாமல் 470.

அரைக்கட்டண அட்டையோடு போனால் அந்த 470 பாதியாகி 235. அட்டைக்கு 150 வைத்தாலும் 385தான்.

பாஸோடு போனால்? ஆறு நாள் பாஸ் 380ஐ ஒட்டி வரும். ரீகி அதிலேயே அடக்கம். ஆனால் யுங்ஃபிராவ்யோக் அடக்கம் இல்லை. வழியில் உள்ள கிரிண்டெல்வால்ட், வெங்கன் ஊர்கள் வரைக்கும்தான் பாஸ் செல்லும், அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். மேலே போய்வர இன்னும் ஒரு 150. மொத்தம் 530. அட்டையே வாங்காமல் போனவரைவிட அதிகம்!

பாஸ் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. பெரிய மலை ஒன்றுக்கும் போகாமல், தினம் ஒரு திசையில் ரயிலேறி, கப்பலேறி, மழை வந்தால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து சுற்றுகிறவருக்கு பாஸ்தான் லாபம். நாள் கூடக்கூட அது மலிந்துகொண்டே போகும். எட்டு நாளுக்கும் பதினைந்து நாளுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும், ஒவ்வொரு தடவையும் டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்காரும் நிம்மதிக்கு விலை கொடுக்கலாம். உங்கள் ஊர்ப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. (SBB) செயலியில் ஒவ்வொரு டிக்கெட்டின் விலையையும் பார்த்துப் பக்கத்தில் குறித்தால் இருபது நிமிஷத்தில் விடை வந்துவிடும். அந்த இருபது நிமிஷத்தில் எங்கள் வீட்டில் மிச்சமானது இரண்டு பேருக்குச் சேர்த்து முப்பதாயிரம் ரூபாயை நெருங்கியது.

இரண்டில் எது வாங்கினாலும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள். காசு கிடையாது. 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகள் பெற்றோரோடு ரயில், பஸ், கப்பலில் இலவசமாக வரலாம். ஆறு வயதுக்குக் கீழே எப்படியும் டிக்கெட் இல்லை.

அரைக்கட்டண அட்டைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு ஆயுதங்கள். ஒன்று சேமிப்பு நாள் டிக்கெட். ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும். முதலில் வாங்குகிறவருக்கு 29 ஃபிராங்கிலிருந்து தொடங்கும், தேதி நெருங்க நெருங்க ஏறும். அன்றைக்கு நாடு முழுக்க எத்தனை ரயிலிலும் ஏறலாம், நீண்ட தூரம் போகிற நாளுக்கு இதை வையுங்கள். இன்னொன்று சூப்பர்சேவர் டிக்கெட். 70 சதவீதம் வரை தள்ளுபடி, ஆனால் அச்சிட்டிருக்கிற அந்த ரயிலில் மட்டும்தான் செல்லும். விமானம் இறங்குகிற நாளுக்கு இதை வாங்காதீர்கள். விமானம் ஒரு மணி தாமதமானால் டிக்கெட் போச்சு.

ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்காமலே ஏறிவிடலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. வண்டி கிளம்புவதற்கு முன் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். உட்கார்ந்தபின் போனில் வாங்குவது செல்லாது. பரிசோதகர் வந்தால் நூறு ஃபிராங்கை ஒட்டி அபராதம். செயலியில் அரைக்கட்டணம் என்று குறித்து வாங்கிவிட்டு, அட்டையை ஓட்டலில் விட்டு வந்தாலும் வம்புதான். அப்புறம் பெட்டியின் வெளியே எழுதியிருக்கிற 1, 2 என்ற எண்ணைப் பார்த்து ஏறுங்கள். முதல் வகுப்பில் தெரியாமல் உட்கார்ந்தேன் என்பதை அவர்கள் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு ரசீது கிழிப்பார்கள்.

கண்ணாடிக் கூரை போட்ட கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கு டிக்கெட்டுக்கு மேலே முன்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில், அதே மலையைச் சுற்றிக்கொண்டு, சாதாரண வட்டார ரயிலும் போகிறது. அதற்கு முன்பதிவு வேண்டாம், சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கவும் முடியும். படம் எடுக்கிறவர்களுக்கு அதுதான் வசதி, கண்ணாடியில் நம் முகம் தெரியாது. யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அந்த ரயில் பாதைகளின் ஒரு பகுதியை. கண்ணாடிப் பெட்டியை அல்ல.

மலை: ஒன்று போதும்

யுங்ஃபிராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912இல் மலையைக் குடைந்து ரயிலைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே போனபின் டிட்லிஸ், அதற்கப்புறம் இன்னொன்று என்று மூன்று பனிமலை ஏறுவது மூன்று கடையில் ஒரே புடவையை எடுக்கிற மாதிரி. பனி பார்க்க ஒரு பெரிய மலை, புல்வெளியும் ஏரியும் பார்க்க ஒரு சின்ன மலை, போதும். சின்ன மலைக்கு ரீகி. 1871இல் ஓடத் தொடங்கிய ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அங்கேதான், பாஸ் இருந்தால் முழுக்க இலவசம்.

என்னுடைய முதல் பயணத் தப்புக்கு இப்போது வருகிறேன். அன்று காலை கீழே நல்ல வெயில். ஆசையாகப் போய் டிக்கெட் வாங்கிவிட்டேன். மேலே மேகத்துக்குள் நின்று கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது. இறங்கி வந்து ஓட்டலில் புலம்பியபோது, வரவேற்பறைப் பெண் சுவரில் இருந்த டிவியைக் காட்டினார். ஒவ்வொரு மலை உச்சியிலும் கேமரா வைத்து நேரலையாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்துதான் காலையில் ரொட்டி தின்றேன்.

அந்தக் கேமராக்களை எல்லாம் போனிலும் பார்க்கலாம். ஆகவே பெரிய மலைக்கு ஒரே நாளைக் குறிக்காமல், ஒரே ஊரில் மூன்று நாள் தங்கி, அதில் தெளிவான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். முதல்நாள் இரவு வானிலைச் செயலி, காலை ஆறு மணிக்குக் கேமரா, பிறகு டிக்கெட். இரண்டாம் தடவை நாங்கள் அப்படித்தான் செய்தோம். முதல் இரண்டு நாள் மேகம், மூன்றாம் நாள் ஓடிப்போய் ஏறினோம். மகன் பனியில் விழுந்து புரண்டதில் அவன் கால்சட்டை கிழிந்தது தனிச் செலவு.

ஏற ரயில், இறங்க நடை என்பதும் நல்ல கணக்கு. ஒருவழி டிக்கெட் எடுத்து ரீகி உச்சிக்குப் போய், கால்பாட் நிலையம் வரை இறக்கத்தில் நடந்து, அங்கே வண்டி பிடிக்கலாம். நாட்டில் 65,000 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள், எங்கும் மஞ்சள் பலகை வழிகாட்டும். பலகையில் தூரத்துக்குப் பதில் நேரம் எழுதியிருக்கும். அது சுவிஸ் கால்களுக்கான நேரம், நாம் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

காசே இல்லாமல் பார்க்கிற இடங்களும் ஏராளம். லாட்டர்புருனன் பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற ஸ்டாப்பாக் அருவியை ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். லூசெர்னின் மரப்பாலம், பாறையில் செதுக்கிய சிங்கம், பெர்னின் கரடிப் பூங்கா எல்லாம் இலவசம். கோடையில் பெர்ன் மக்கள் ஆர் ஆற்றில் மிதந்துகொண்டு வேலை முடிந்து போவதைப் பார்க்கலாம். கரையில் இருக்கும் மார்ட்சிலி நீச்சல் இடத்துக்கும் கட்டணம் இல்லை. ஆற்றில் இழுப்பு அதிகம், நீச்சல் நன்றாகத் தெரியாதவர்கள் கரையோடு நிற்பது நல்லது. ரைன் அருவிக்கு இரண்டு கரை. கோட்டை இருக்கிற கரையில் நுழைவுச்சீட்டு, எதிரே நொய்ஹவுசன் கரையில் எதுவும் இல்லை, அருவி முழுசாகத் தெரிவதும் அங்கிருந்துதான். இசெல்ட்வால்ட் என்ற கிராமத்தில் ஒரு கொரியத் தொடரில் வந்த மரத்துறை இருக்கிறது. கூட்டம் தாங்காமல் ஐந்து ஃபிராங்க் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். பக்கத்தில் நின்று அதே ஏரியைச் சும்மா பார்க்கலாம்.

சாப்பாடு

ஊரிலிருந்து என்ன எடுத்துப் போகலாம்? பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ரவை, அவல், எல்லாம் சரி. நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பாலில் செய்தது, இறைச்சி எதையும் கொண்டுவரத் தடை. கறிவேப்பிலைக் கொத்தும் ஆகாது. பச்சை இலை, காய்க்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஓட்டல் அறையில் ரகசியமாக ரைஸ் குக்கர் வைக்காதீர்கள். புகை எச்சரிக்கை மணி அடித்து தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

உணவகத்தில் உட்கார்ந்தால் ஒரு ஆளுக்கு 25, 30 ஃபிராங்க். மதியத்தில் மட்டும் அன்றைய சாப்பாடு என்று சுமார் இருபது ஃபிராங்குக்கு ஒரு தட்டு இருக்கும். தண்ணீர் கேட்டால் பாட்டில் வந்துவிடும், குழாய்த் தண்ணீர் என்றே சொல்லிக் கேட்க வேண்டும், அதற்கும் சில இடங்களில் காசு வாங்குவார்கள். டிப்ஸ் விலையிலேயே அடக்கம். மனசிருந்தால் ஒரு ஃபிராங்க், இரண்டு ஃபிராங்கை முழு எண்ணாக்கிக் கொடுக்கலாம், கட்டாயம் இல்லை.

தினச் சாப்பாட்டுக்கு மிக்ரோஸ், கோப் என்ற இரண்டு கூட்டுறவு சூப்பர் மார்க்கெட்டுகளை நம்புங்கள். இன்னும் மலிவுக்கு டென்னர், ஆல்டி, லிடில். மிக்ரோஸில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரி கரன்டி என்று மலிவு ரகம் தனியாக இருக்கும். பால், ரொட்டி, தயிர், சாக்லேட் எல்லாம் அதில் கிடைக்கும், ருசியில் குறை சொல்ல முடியாது. பெரிய கிளைகளில் சொந்த உணவகமும் உண்டு. கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன் போனால் சாலட், சாண்ட்விச், கேக்கில் 25, 50 சதவீதம் என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மாலை வேளையில் அந்தச் சீட்டு ஒட்டுகிறவருக்குப் பின்னாலேயே நாலைந்து பேர் கண்ணியமாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

காய், பழம் வாங்கும்போது ஒரு விஷயம். விலைப் பலகையில் ஓர் எண் இருக்கும். வாழைப்பழத்தை நாமே தராசில் வைத்து, அந்த எண்ணை அழுத்தினால் சீட்டு வரும், அதைப் பையில் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் நாள் எனக்கு இது தெரியாது. கல்லாவில் என் வாழைப்பழத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா ஏதோ கேட்க, நான் முழிக்க, பின்னால் ஏழு பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மாலை ஐந்து, ஆறு மணிக்கே பல ஊர்களில் மூடிவிடுவார்கள். வெறும் பையோடு நின்றபோது ரயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர்தான் சொன்னார்: "ஞாயிறு எண்டால் எல்லாம் பூட்டு, தம்பி. ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற கடைக்குப் போங்கோ, அது மட்டும் திறந்திருக்கும்." பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையத்திலும் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டுகள் ஞாயிறும் திறந்திருக்கும். விலையும் மற்ற கிளைகளை ஒட்டியே இருக்கும், பக்கத்துச் சிறு கடைகளில்தான் தீட்டிவிடுவார்கள்.

1983க்குப் பிறகு வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் பல பத்தாயிரம் பேர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். சூரிக், பெர்ன், பாசல் நகரங்களில் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் கடை கண்ணில் படும். இடியப்பம், ரோல்ஸ், கொத்து ரொட்டி, சில இடங்களில் மதியச் சாப்பாடு, உணவக விலையில் பாதிக்குள் முடியும். பெர்னில் ஓய்ரோப்பாபிளாட்ஸ் என்ற ரயில் நிறுத்தத்தை ஒட்டி 2014இல் திறந்த மதங்களின் இல்லம் இருக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் மசூதி, தேவாலயம், பௌத்த மண்டபத்தோடு தமிழர்களின் கோயிலும். உள்ளே போனால் விபூதி வாசம். வெளியே டிராம் மணி. சாப்பாட்டுக்காக இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்வாருங்கள், கட்டணம் எதுவும் இல்லை.

சின்னச் சின்னது, ஆனால் காசு

அட்டையில் பணம் கட்டும்போது கருவி "ரூபாயிலா, ஃபிராங்கிலா" என்று கேட்கும். ஃபிராங்கையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கிற மாற்றுவிகிதம், அதில் நாலைந்து சதவீதம் போய்விடும். ஏடிஎம்மிலும் இதே கதைதான். யூரோ நோட்டைச் சில கடைகளில் வாங்கிக்கொள்வார்கள், மீதி ஃபிராங்கில் வரும், விகிதம் அவர்கள் வைத்தது.

ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று விற்கிற சிம் அட்டையில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று பெயர் பார்த்து வாங்குங்கள். ஒன்றியத்தில் இல்லாத நாடு என்பதால் சிலவற்றில் விட்டிருப்பார்கள், எல்லை தாண்டிய ஐந்தாவது நிமிஷம் பில் ஏறத் தொடங்கும்.

மின் இணைப்புக்கு நம் மூன்று முள் பிளக் நுழையாது. மெல்லிய இரண்டு முள் உள்ள போன் சார்ஜர் அப்படியே நுழையும். மூன்று முள் லேப்டாப்புக்கு மட்டும் அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

ரயில் நிலையக் கழிப்பறைக்கு ஒன்றரை, இரண்டு ஃபிராங்க். ரயிலுக்குள் இலவசம். எல்லோரும் ரயிலிலேயே முடித்துக்கொண்டு இறங்குவதன் காரணம் அதுதான். அறை காலி செய்தபின் பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டுச் சுற்றலாம், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள், ரயில் நிலைய லாக்கருக்குப் பத்து ஃபிராங்கை ஒட்டி ஆகும்.

சாக்லேட் வாங்கச் சுற்றுலாத் தெருக்களுக்குப் போகாதீர்கள். மிக்ரோஸ் தட்டுகளில் இருக்கும் ஃபிரை என்ற பெயர் அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலைச் சரக்கு, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க அது தாராளம். சூரிக் விமான நிலையத்திலேயே, பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் உள்ள கடைப் பகுதியில், மிக்ரோஸும் கோப்பும் இருக்கின்றன. அதனால் கடைசி நாள் கையிலிருக்கும் நாணயத்தை எல்லாம் அங்கே கொட்டிச் சாக்லேட்டாக மாற்றிக்கொள்ளலாம். நோட்டை ஊரில் மாற்றித் தருவார்கள், நாணயத்தை யாரும் தொட மாட்டார்கள். நான் முதல் தடவை வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் துழாவியபோது கனமாக ஒரு வெள்ளி நிற வட்டம் அகப்பட்டது, ஐந்து ஃபிராங்க் நாணயம். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பெறும். இன்னும் சாவி போடுகிற கிண்ணத்தில் கிடக்கிறது.